இரண்டு வருடம் நடந்த மூன்று நாள் மாநாடு

இறைச்சிக் கடையில் எல்லோரும் தொடை கேட்பார்கள், ஈரல் கேட்பார்கள். எங்கள் டொக்டர் கழுத்துக் கேட்பார். அதுவும் தோலை மட்டும் உரித்து, குரல்வளையோடு, உள்ளே கத்தி வைக்காமல் வேண்டும்.

நாங்கள் நானா என்று கூப்பிடுகிற பட்டணத்து முஸ்லிம் கடைக்காரர் முதல் நாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"டொக்டர் ஐயா, கழுத்திலை என்ன கிடக்கு? எலும்புதான். நல்ல சந்து இறைச்சி தாறன், கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிடுங்கோ."

"சமைக்கிறதுக்கில்லை நானா. படிக்கப் போறன்."

"ஆட்டுக்கழுத்திலையோ? சீமைக்குப் போய்ப் படிச்சது காணாதே?"

"காணாது" என்றார் டொக்டர். அதைச் சிரிக்காமல் சொன்னார். நானாதான் சிரித்தார்.

நான் அவருடைய தியேட்டரில் லேபரர். சத்திரசிகிச்சை அறையைக் கழுவுவேன், நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவேன், வெட்டி எடுத்ததைப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வெளியே போவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அது நல்ல வேலை. ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. மெலிந்த உயரமான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் முறிந்து, தையல் போடுகிற நூலால் கட்டியிருந்தது. அந்தக் கட்டும் அவர் போட்டதுதான். நோயாளிக்குப் போடுவதுபோலவே வடிவாகப் போட்டிருந்தார்.

என்னை அவர் 'நீர்' என்றுதான் சொல்லுவார். மற்ற டொக்டர்மார் 'நீ' என்பார்கள், நான் அதைக் குறையாக எடுத்ததில்லை. ஆனால் 'நீர்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பொதுவாக ஆட்கள் என்னிடம் ஒன்றைக் கேட்பார்கள், நான் தலையைச் சொறிவேன், அதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெய்யிலில் நிற்பார். ஏதாவது சொன்னால்தான் அந்த இடத்தை விட்டு அசைவார்.

அவருடைய வேலை கழுத்து. முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி செட்டையை விரித்த மாதிரி தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது வீங்கினால்தான் கழலை. அதன் முதுகுப் பக்கத்தில் பயறளவில் நாலு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பாராதைரொயிட் என்று பெயர். பெரியதை வெட்டி எடுக்கும்போது இந்தக் குட்டிகளை அதனதன் இடத்தில் விட்டுவைக்க வேண்டும். தவறிப் போனால் உடம்பில் கல்சியம் இறங்கி, கைகால் இழுக்கும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் எனக்கும் சொன்னார். தியேட்டர் வாசலில் நின்ற காவலாளிக்கும் சொன்னார்.

குட்டிச் சுரப்பியையும் கொழுப்பையும் பிரித்தறிவதுதான் கஷ்டம். கொழுப்பு மஞ்சள். சுரப்பி காய்ச்சிய பனம்பாணியின் கபில நிறம். ஐமிச்சமாக இருந்தால் சேலைன் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுவார். கொழுப்பு மிதக்கும், சுரப்பி தாழும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வடக்கே எங்கள் குடாநாட்டு ஊருக்கு வந்தவர் அவர். அவரோடு படித்தவர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் அனுப்பிய கடித உறை, ஆட்கள் கைமாறிக் கைமாறி, ஒரு மூலை நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். தைரொயிட், பாராதைரொயிட் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணர்களுக்காக மூன்று நாள் மாநாடு. புதிதாகக் கண்டுபிடித்ததைப் படிக்கிற, ஒருவரிடமிருந்து ஒருவர் பழகுகிற மாநாடு. மாநாடு முடிந்து ஐந்து மாதமாகியிருந்தது.

வேறு யாரும் என்றால் அதை மேசைக்குக் கீழே போட்டிருப்பார்கள். அவர் சாப்பாட்டு நேரம் முழுக்க அதை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"மிஸ்ஸி, இஞ்சை பாருங்கோ" என்று தியேட்டர் தாதியைக் கூப்பிட்டார். "நாப்பதுக்கு மேலை தலைப்புக் கிடக்கு. தலைப்பு மட்டுந்தான். என்ன கதைச்சவை எண்டு ஒரு வரியும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு ஐயா அதை வைச்சுப் பாக்கிறியள்? பசியெடுக்கப் போகுது."

"என்ன கேள்வி கேட்டிருப்பினம் எண்டு தெரியுதெல்லோ. பதிலை நாங்கள் தேடுவம்."

இப்படித்தான் அந்த மாநாடு எங்கள் ஆஸ்பத்திரியின் பின் அறையில் தொடங்கியது. குடாநாட்டில் கழுத்தில் கை வைக்கிற டொக்டர்மார் அவரோடு சேர்த்து நாலைந்து பேர். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வருவார்கள். ஒரு கிழமைக்கு ஒரு தலைப்பு. பழைய புத்தகங்கள், தங்கள் கைப்பழக்கம், நானாவின் கடைக் கழுத்து, இவற்றை வைத்துக்கொண்டு அந்தத் தலைப்பில் அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று தேடுவார்கள். ஆட்டில் குட்டிச் சுரப்பிகளின் இடம் கொஞ்சம் வேறு என்றாலும் கண்ணும் கையும் பழகும் என்பார். முடிவை ஒரு கொப்பியில் எழுதி, கீழே 'எங்கள் ஊகம்' என்று போடுவார். ஷெல் விழுகிற கிழமைகளில் கூட்டம் இல்லை. ஆதலால் மூன்று நாள் மாநாடு முடிய இரண்டு வருடம் எடுத்தது.

தென்மராட்சியிலிருந்து வருகிற பருத்த டொக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்பார்: "இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"ரண்டாம் நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு."

"சாப்பாடு எங்கை?"

"அங்கை குடுத்திருப்பாங்கள். இஞ்சை தேத்தண்ணியும் பனங்கட்டியும்."

பனங்கட்டிக்கும் ஒரு சட்டம் இருந்தது. கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் அந்தக் கிழமை தாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சொன்னவருக்குப் பனங்கட்டி. பிழையில்லை என்கிறவருக்கு வெறுந்தேத்தண்ணி. ஊற்றிக் கொடுக்கிறது நான்.

"இந்தக் கிழமை நான் ஒரு பிழையும் விடேல்லை" என்றார் பருத்த டொக்டர் ஒருநாள்.

"அப்ப நீர் ஒருதரையும் வெட்டேல்லை."

"ரண்டு கழுத்து வெட்டினனான் ஐசே!"

"வெட்டினனீர், திரும்பிப் பாக்கேல்லை. சின்னராசா, இவருக்கு வெறுந்தேத்தண்ணி."

"பாவி, இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்தனான். பொறும், பொறும், வியாழக்கிழமை ஒண்டு நடந்ததுதான்..." என்று அவர் தொடங்க எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொல்லி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கொப்பியில் அரைப் பக்கம் எழுதினார்கள்.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் பட்டணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் இயக்கக்காரர். சனிக்கிழமை நானும் டொக்டரும் போனபோது நானாவின் கடைப் பலகைகள் போட்டிருந்தன. தொங்குகிற கொளுக்கி மட்டும் வெளியே காற்றில் ஆடியது. டொக்டர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"எங்கை போயிருப்பார்?"

"தெரியாது ஐயா."

"எனக்கும் தெரியாது."

அதன்பிறகும் அவர் அங்கேயே நின்றார். தெருவில் பதில் சொல்ல வேறு ஒருவரும் இல்லை.

அன்றைய கூட்டத்தில் பிழை சொல்கிற முறை அவருக்கு வந்தது. "ஒன்பது மாசம் அந்த மனிசன் எனக்குக் கழுத்துத் தந்தவர். கத்தி எங்கை பட்டது, எங்கை படேல்லை எண்டு விரலை வைச்சுக் காட்டினவர். அவரின்ரை பேரை நான் கேக்கேல்லை" என்றார். பருத்த டொக்டர் எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்றுகொண்டார். பனங்கட்டியை யாரும் தொடவில்லை.

பூமணியக்காவின் கழுத்தை வெட்டியது அடுத்த வருடம். தென்மராட்சியில் சாவகச்சேரிப் பக்கம் வீட்டில் வைத்துத் தைக்கிறவர். சட்டை, பாவாடை, பள்ளிக்கூட உடுப்பு. நாற்பத்தைந்து வயது, கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். கழலை பெருத்து மூச்சை அடைத்தது. மின்சாரம் இல்லாத காலம், ஜெனரேட்டருக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் பாதியில் முடிகிற நிலை. மேலே இராணுவ ஹெலி வேறு சுற்றியது. டொக்டர் வேகமாகக் கட்டியை எடுத்து என்னுடைய பாத்திரத்தில் வைத்துவிட்டு இரத்தத்தை அடைக்கக் குனிந்துவிட்டார்.

நான் வழக்கம்போல அடுத்த அறையில் கட்டியைச் சேலைனில் அலசினேன். அதன் முதுகிலிருந்து பயறளவில் ஒன்று கழன்றது. கழன்று, மெதுவாக, பாத்திரத்தின் அடியில் போய்க் கிடந்தது. பாணி நிறம்.

பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தியேட்டர் கதவடியில் வந்து நின்றேன். உள்ளே எல்லோரும் குனிந்திருந்தார்கள். மிஸ்ஸி டோர்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்தார். 'இத்தனை படித்தவர்கள் நிற்கிறார்கள், தெரியாமலா விட்டிருப்பார்கள்' என்று நினைத்தேன். திரும்பிப் போய் அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்ப் பீலியில் ஊற்றினேன்.

இரண்டாம் நாள் பூமணியக்கா வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பின்னேரம் அவருடைய ஐந்து விரல்களும் கூம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. "ஐயோ, என்ரை கை, என்ரை கை" என்று அவர் அழுதது வார்டு முழுக்கக் கேட்டது. கல்சியம் ஊசி போட்டு விரல்களை விரியவைத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் கூம்பின.

அந்தச் சனிக்கிழமை பிழை சொல்லும்போது டொக்டர் தானாகவே தொடங்கினார். "நாலிலை ரண்டைக் கண்டனான். அதுகளும் நோப்பட்டுக் கறுத்துப் போச்சுது. மற்ற ரண்டும் உள்ளை கிடக்கோ, கட்டியோடை வந்திட்டுதோ, எனக்குத் தெரியாது."

நான் தட்டத்தோடு நின்றேன்.

"ஒண்டு வந்தது ஐயா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தண்ணியிலை அடிக்குத் தாண்டது. நான் ஊத்திப்போட்டன்."

பருத்த டொக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அட மடையா! அப்பவே சொல்லுறதுக்கென்ன? வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ வைச்சிருந்தனி?"

எங்கள் டொக்டர் கையைக் காட்டி அவரை இருத்தினார். "என்ன நிறம்?"

"பாணி நிறம்."

"எவ்வளவு பெரிசு?"

விரல் நுனியைக் காட்டினேன்.

"ஏன் சொல்லேல்லை?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வழமைபோலக் காத்திருந்தார். தேத்தண்ணி ஆறியது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நீங்கள் எல்லாரும் படிச்சனீங்கள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

அவர் கொப்பியை இழுத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "அறையிலை ஆறு பேர் நிண்டனாங்கள். கண்டது ஒரு ஆள். அவரை நான் கேக்கேல்லை."

பிறகு என்னைப் பார்த்தார். "அதை நறுக்கிக் கழுத்துத் தசைக்குள்ளை வைச்சிருந்தால் பிடிச்சிருக்கலாம். பிடியாமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது சின்னராசா. உமக்கும் தெரியாது. ரண்டு பேரும் அதோடைதான் இருக்கவேணும்."

அதற்குப் பிறகு அவர் ஒரு கழுத்தையும் கேட்காமல் மூடவில்லை. தையல் போடுமுன் கையை நிறுத்தி அறையில் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார். மயக்கமருந்து டொக்டர், மிஸ்ஸி, கடைசியில் நான்.

"சின்னராசா, என்ன கண்டனீர்?"

"ஒண்டுமில்லை ஐயா."

"பாத்து ஒண்டுமில்லையோ, பாக்காமல் ஒண்டுமில்லையோ?"

"பாத்தனான். தண்ணியிலை விட்டனான். எல்லாம் மிதந்தது."

"சரி. மிஸ்ஸி, நூல்."

என் வார்த்தைக்குப் பிறகுதான் ஒரு மனிதனின் கழுத்து மூடப்பட்டது. இதை வீட்டில் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. ஆனால் வேலை முடிந்து சைக்கிளில் போகும்போது நிமிர்ந்து இருந்து மிதிப்பேன்.

மாநாட்டின் கடைசி நிகழ்ச்சி ஆராய்ச்சி எதுவும் இல்லை. 'படகில் இராச் சாப்பாடு' என்று போட்டிருந்தது. "படகெண்டால் கிளாலிப் படகுதான் கிடக்கு. ஏறுவமோ?" என்று பருத்த டொக்டர் கேட்டார். பாதை பூட்டியபிறகு சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்த இடம் அது. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் டொக்டர் சிரித்துவிட்டு, அந்தச் சின்னப் புத்தகத்தை மூடி, "அவங்கள் உண்மையா என்ன கதைச்சிருப்பாங்கள்?" என்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு ஆசையை நான் பார்த்ததில்லை. திருவிழாச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கிற பிள்ளையின் முகம் அது.

பூமணியக்காவுக்கு ஒவ்வொரு மாதமும் அவர் கல்சியக் குளிசை கொண்டுபோனார். அரசாங்கம் குடாநாட்டுக்குத் தடை செய்த சாமான்களில் மருந்தும் ஒன்று. எங்கே, யாரிடம் வாங்கினார் என்று சொல்லமாட்டார். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டிப் பார்ப்பார். உதடு துடித்தால் கல்சியம் காணாது என்று அர்த்தம்.

"என்ரை மனிசன்கூட என்ரை கன்னத்திலை இவ்வளவு தட்டேல்லை" என்று பூமணியக்கா சொல்லுவார்.

"அவர் நல்ல மனிசன். பிழை விட்டது நானெல்லோ" என்பார் டொக்டர்.

ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொன்னார். என் பெயரை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றேன். 'உள்ளை வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ' என்று பூமணியக்கா கூப்பிடுவார். சைக்கிளுக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல்லுவேன். அந்தச் சைக்கிளை யார் களவெடுக்கப் போகிறார்கள்?

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் கடைசியில் இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பி நடந்தது. நாங்களும் மழையில் நடந்து தென்மராட்சிக்கு வந்தோம். டொக்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுக் காயக்காரரைப் பார்த்தார். கழுத்து என்ற பேச்சே இல்லை. கால், கை, வயிறு. சில கிழமையில் வன்னியில் டொக்டர் இல்லை என்று அவரைக் கிளாலிக் கடல் வழியாகக் கூப்பிட்டார்கள். என் மனைவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. நான் போகவில்லை.

போகிற அன்று பின்னேரம் ஒரு போத்தலை என்னிடம் தந்தார். "பூமணி அம்மாவுக்கு. ஒண்டரை மாசத்துக்குக் காணும். கன்னத்திலை தட்டிப் பாரும். என்ன செய்யுது எண்டு கேளும்."

"ஓம் ஐயா."

"சின்னராசா, வேறையேதும் சொல்லவேணுமோ?"

எத்தனையோ இருந்தது. அவர் நின்றார். வாகனக்காரன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான், அப்போதும் நின்றார். "கவனமாப் போட்டு வாங்கோ" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறினார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார், வெளிநாடு போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். பிறகு வேறு ஆஸ்பத்திரிகளில் வேறு டொக்டர்மாரோடு நிறைய வருடம் வேலை செய்தேன். கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். கழுத்தை மூடும்போது கதவடியில் நிற்பேன். நூல் கேட்பார்கள், தைப்பார்கள், விளக்கை அணைப்பார்கள்.

அவர் போன மறுநாள் போத்தலைக் கொண்டு பூமணியக்கா வீட்டுக்குப் போனேன். வீடும் வளவும் இடம்பெயர்ந்த சனத்தால் நிறைந்திருந்தது. அவர் விறாந்தையில் இருந்து யாருடையதோ நனைந்து கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா எங்கை தம்பி?"

"வன்னிக்குப் போட்டார். நான்தான் இனி வருவன். அதுக்கு முதல் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

நின்றபடியே சொன்னேன். பாத்திரம், தண்ணீர், பாணி நிறம், கதவடியில் நின்றது, பீலியில் ஊற்றியது. சொல்லி முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. பூமணியக்கா ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு மடியில் வைத்திருந்த தன் வலது கையைப் பார்த்தார். விரித்தார், மடக்கினார்.

"நாலஞ்சு வரியமா அந்த மனிசன் என்ரை பிழை, என்ரை பிழை எண்டு வந்து போனது" என்றார். "நான் எத்தினை நாள் அவரைத் திட்டினனான் தெரியுமோ? முகத்துக்கு நேரை. ஒரு நாளும் வாய் திறக்கேல்லை."

"என்னைத் திட்டுங்கோ அக்கா."

"இருக்கிற சனத்துக்குள்ளை நிண்டு உங்களைத் திட்டவோ? அதுக்கும் ஒரு நேரம் வரும்." கண்ணைத் துடைத்தார். பிறகு சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் பன்னிரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. "ரண்டு நாளாக் குளிசை இல்லை. விரல் சொல்லுக் கேக்குதில்லை. இந்தச் சனத்துக்கு மாத்துடுப்பும் இல்லை. இருந்து உதுகளிலை நூலைக் கோர்த்துத் தாங்கோ."

போத்தலை அவரிடம் கொடுத்துவிட்டு விறாந்தை விளிம்பில் இருந்தேன். நூல் நுனியை வாயில் ஈரப்படுத்தி முதல் ஊசியில் விட்டேன், தவறியது. மறுபடி விட்டேன். கிளாலிப் பக்கம் எங்கோ குண்டுச் சத்தம் கேட்டது. பூமணியக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். டொக்டர் நேற்றிரவே கடந்திருப்பார் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நினைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டையும் கோர்த்து அட்டையில் குத்திக் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து நூலை இழுத்துப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவியளோ?"

"வருவன் அக்கா" என்றேன்.